திருவிருந்துக் கிண்ணம்: பயம் எச்சில் மேலா, ஆள் மேலா?

திருவிருந்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கலாமா? கொரோனாவுக்குப் பிறகு சபைகளில் இந்தப் பேச்சு கொஞ்சம் சூடாகவே நடக்குது. ஒரு பக்கம், "கர்த்தருடைய பாத்திரத்தால நோய் வராது" என்பவர்கள். இன்னொரு பக்கம், "நினைச்சாலே குமட்டுது, தனித்தனிக் கப் குடுங்க" என்பவர்கள். இரண்டு கட்சியுமே தரவுகளைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

முதல் கட்சிக்குப் பதில் சுலபம். ஜெபித்துக் கொடுத்த பொருள் என்பதற்காகக் கிருமி ஒதுங்கிப் போகாது. வியன்னா ஆய்வாளர்கள் ஆஸ்திரியாவில் 21 புனித ஊற்றுகளையும், கோயில்களிலும் மருத்துவமனைச் சிற்றாலயங்களிலும் இருந்த 18 தீர்த்தத் தொட்டிகளையும் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டாங்க. ஊற்றுகளில் 14 சதவீதம் மட்டுமே குடிநீர்த் தரத்துக்கான வரம்புக்குள் இருந்தன. கூட்டம் அதிகம் வந்து கை நனைக்கிற தொட்டிகளில் கிருமிகள் ஏராளம். புனிதத் தீர்த்தம் என்று குழந்தை வாயில் ஊற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அப்போ கிண்ணமும் அப்படித்தானே என்று கேட்பீங்க. இங்கேதான் கதை மாறுது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பொதுக் கிண்ணத்துக்கு எதிராகக் குரல் கிளம்பிவிட்டது. 1890-களில் ரோச்செஸ்டர் நகரில் தனிக் கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன. 1909-இல் கான்சாஸ் மாநிலம் ரயிலிலும் பள்ளியிலும் பொதுத் தண்ணீர்க் குவளையையே தடை செய்தது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான பயம்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மது கூடாது என்ற கொள்கையால், 1869-இல் வெல்ச் என்பவர் புளிக்காத திராட்சைச் சாறு தயாரித்தார், திருவிருந்துக்கென்றே. கிண்ணத்திலிருந்து ஆல்கஹாலை எடுத்த அதே நாட்டில்தான் கொஞ்ச காலத்தில் கிண்ணத்தைப் பற்றிய பயமும் வந்தது! (திராட்சை மதுவில் இருக்கும் ஆல்கஹால் சில நொடிகளில் கிருமியைக் கொன்றுவிடாது, அது வேறு விஷயம்.)

பயத்தைச் சோதித்தும் பார்த்தாங்க. 1967-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கிண்ணத்தைச் சுற்றிக் கொடுப்பதால் பெரிய பயனில்லை, ஒவ்வொருவருக்குப் பிறகும் துணியால் விளிம்பைத் துடைத்தால் கிருமி எண்ணிக்கை 90 சதவீதம் குறையுது என்றது. 1998-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியது இன்னும் முக்கியம்: தொற்ற வாய்ப்பு இல்லாமல் இல்லை, ஆனால் பொதுக் கிண்ணத்தால் நோய் பரவியதாக ஒரு நிகழ்வுகூடப் பதிவாகவில்லை. பதிவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிடித்த சளி கிண்ணத்தில் வந்ததா பஸ்ஸில் வந்ததா, யாரால் சொல்ல முடியும்? காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருப்பவர் அன்றைக்கு அப்பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிலர் பத்திரம் என்று நினைத்து அப்பத்தை ரசத்தில் தோய்த்து வாங்குறாங்க. விரல் ரசத்தில் பட்டால், உதட்டுக்குப் பதில் கை அழுக்கு சேரும், அவ்வளவுதான்.

நிஜ ஆபத்து எங்கே தெரிந்தது? 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் கவுண்டியில், ஒரு தேவாலயக் கட்டடத்தில் பாடகர் குழு ஒன்று பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். கொரோனா தொற்றிய ஒருவரிடமிருந்து 52 பேருக்குப் பரவி, இரண்டு பேர் இறந்தாங்க. அங்கே கிண்ணம் இல்லை. பாட்டும் காற்றும்தான். ஆனாலும் நம்ம கமிட்டிகள் கிண்ணத்தைப் பற்றித்தான் பேசுது. ஜன்னலைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏன்? காற்று கண்ணுக்குத் தெரியாது. நமக்கு முன்னால் குடித்த ஆளின் உதடு தெரியும். அந்த ஆள் யார் என்பதும் தெரியும்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், திருவிருந்திலும் அது கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் அதை ஏற்காமல் விலகி நின்றார்கள். அவர்கள் கிருமிக்குப் பயப்படவில்லை. கோக் பிறந்ததே 1843-இல்! அமெரிக்காவில் தனிக் கிண்ணம் கேட்டவர்களின் வாதத்திலும், பக்கத்தில் குடிப்பவர் எந்த வகை ஆள் என்ற அருவருப்பு கலந்துதான் இருந்தது.

இன்றைக்குத் தனிக் கப் கேட்கிற எல்லோரும் சாதி பார்க்கிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது நியாயமான தேவை, கொடுத்தே ஆகணும். ஆனால் 'சுகாதாரம்' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கல்யாண வீட்டில் யார் கழுவினது என்றே தெரியாத டம்ளரில் தண்ணீர் குடிக்கிறவருக்கு, துணியால் துடைத்துத் தரும் வெள்ளிக் கிண்ணத்தில் மட்டும் குமட்டுவது ஏன்? தனிக் கப்புக்கு மாறிய சபைகளில், அந்தக் கப்புகளை யார் கழுவுறாங்க, எந்தத் தண்ணீரில், எப்படிக் காய வைக்கிறாங்க என்று கேட்டுப் பாருங்க. பதில் வைத்திருக்கும் கமிட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.