கேம் காமெடி: டைமிங் யார் கையில்?

வீடியோ கேம் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிராஃபிக்ஸ், கதை, சண்டை, எத்தனை ஜிபி என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். சிரிப்பைப் பற்றி மட்டும் யாரும் சீரியஸாகப் பேசுவதில்லை. "செம காமெடியா இருக்கும், விளையாடிப் பாரு" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்த கேம்களை எண்ணினால் இரண்டு கை விரல்களைத் தாண்டாது. சினிமாவில் அப்படி இல்லையே. கேமில் மட்டும் நல்ல காமெடி ஏன் இவ்வளவு அரிதாக இருக்கு?

என் பதில் இதுதான். காமெடிக்கு உயிர் டைமிங். சினிமாவில் டைமிங் நடிகர் கையிலும் எடிட்டர் கையிலும் இருக்கு. கேமில் அது விளையாடுபவர் கையில் இருக்கு. காமெடியனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காமெடியை எடுத்துக்கொள்ளுங்க. ஒரே கேள்வி, ஒரே பதில். கவுண்டமணியின் கோபம் படிப்படியாக ஏறும், செந்தில் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குட்டி இடைவெளியில்தான் மொத்தச் சிரிப்பும். நூறு தடவை பார்த்தாலும் அந்த இடைவெளி மாறாது. இதையே கேமாகச் செய்தால் என்ன ஆகும்? கவுண்டமணி கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்க செந்திலை நடத்திக்கொண்டுபோய் ஏதாவது ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருப்பீங்க. ஜோக் அம்பேல்.

பெரும்பாலான கேம்கள் இதைச் சமாளிக்க ஒரு சுலப வழி வைத்திருக்கின்றன. கன்ட்ரோலை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கட்சீனில் ஜோக்கைச் சொல்லிவிட்டு, மறுபடி கையில் கொடுப்பார்கள். அது சில சமயம் நல்ல சிரிப்புதான், ஆனால் அது குட்டி சினிமா. இன்னொரு வழி, கூட வரும் பாத்திரத்துக்கு நாலைந்து ஜோக் எழுதிக் கொடுத்துவிடுவது. ஒரே இடத்தில் நாம் பத்து தடவை செத்துப் பிழைத்தால், பத்து தடவையும் அவன் அதே ஜோக்கைச் சொல்வான். முதல் தடவை சிரிப்பு, மூன்றாவது தடவை எரிச்சல், அதற்கப்புறம் சவுண்டை அணைத்துவிடுவோம்.

நல்ல காமெடி கேம்கள் செய்வது வேறு. டைமிங் நம் கையில்தான் இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, அதையே ஜோக்காக மாற்றிவிடுகின்றன.

1990-இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. ரான் கில்பர்ட் தலைமையில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் செய்தது. கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படும் கைப்ரஷ் என்ற அப்பாவி இளைஞன்தான் ஹீரோ. இதில் வாள் சண்டைக்கு வாளைவிட வாய்தான் முக்கியம். எதிராளி திட்டுவான், அதற்குச் சரியான பதிலடி கொடுத்தால் நமக்கு முன்னேற்றம். ஆரம்பத்தில் நமக்குப் பதில் தெரியாது. தோற்போம். ஆனால் அந்தத் திட்டு மனசில் இருக்கும். அதை அடுத்த ஆளிடம் வீசினால், அவன் சொல்லும் பதிலும் நமக்குக் கிடைத்துவிடும். இப்படி அடிவாங்கி அடிவாங்கியே ஒரு வசவு அகராதி சேர்கிறது.

கடைசியில் வாள் வித்தையில் பெரிய ஆளான கார்லாவிடம் போனால், அவள் திட்டுவதெல்லாம் புதுசு! நாம் சேர்த்ததில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நாம் கற்ற பழைய பதிலடிகளில் ஒன்று இந்தப் புதுத் திட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். எது என்று நாம்தான் யோசிக்கணும். நாம் யோசிக்கும்வரை அவள் வாளோடு காத்திருப்பாள். "அட, இது அதுக்கும் பொருந்துதே!" என்று பொறி தட்டுகிற நொடியில் வரும் சிரிப்பு நம் மண்டைக்குள் பிறந்தது. ஜோக்கின் முதல் பாதியை எழுத்தாளர் சொன்னார், பின்பாதியை முடித்தது நாம்.

அதே கேமில் இன்னொரு இடம். கைப்ரஷை ஒரு கனமான சிலையோடு கயிற்றில் கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். கடலடியில் கயிறை அறுக்கக் கூர்மையான பொருட்கள் சுற்றிலும் கிடக்கும். ஒன்றும் எட்டாது. மண்டையை உடைத்துக்கொள்வோம். விடை என்ன தெரியுமா? சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வெளியே வரவேண்டியதுதான்! தன்னால் பத்து நிமிஷம் மூச்சடக்க முடியும் என்று கைப்ரஷ் பீற்றிக்கொள்வான். நாம் நிஜமாகவே பத்து நிமிஷம் சும்மா இருந்தால் செத்தும் போவான். பத்து நிமிஷ இடைவெளி விட்டு ஒரு ஜோக்! எந்த சினிமா எடிட்டர் இதை அனுமதிப்பார்?

அடுத்து, சொன்ன பேச்சைக் கேட்காத காமெடி. வால்வ் நிறுவனத்தின் 'போர்ட்டல் 2' (2011) தொடக்கத்தில் வீட்லி என்ற ரோபோ நம்மைப் பேசிக் காட்டச் சொல்லும். குரல் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட். பேசுவதற்கு இந்த பட்டனை அழுத்து என்று திரையில் வரும். அழுத்தினால் நம் பாத்திரம் பேசாது, ஒரு குதி குதிக்கும். பட்டனை அழுத்தியது நாம் என்பதால் அசடு வழிவதும் நாம்தான். வேறொருவர் விளையாடுவதைப் பார்த்தால் இதில் பாதிச் சிரிப்புகூட வராது.

'தி ஸ்டான்லி பாரபிள்' (2013) மொத்தமே இப்படித்தான். ஸ்டான்லி இடது பக்கக் கதவில் நுழைந்தான் என்று கதைசொல்லி சொல்வார். நாம் வலது பக்கம் போகலாம். அவருக்குக் கடுப்பு ஏறும். ஒன்றுமே இல்லாத ஒரு துடைப்ப அறைக்குள் போய் நின்றுகொண்டால் முதலில் சமாளிப்பார், அப்புறம் புலம்புவார், கடைசியில் விளையாடுகிற ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்றே சந்தேகப்படுவார். திரும்பத் திரும்ப அங்கேயே போய் வம்பு செய்தால், ஒரு கட்டத்தில் அந்தக் கதவில் பலகை அடித்து மூடியிருக்கும். கதைசொல்லிதான் கவுண்டமணி, பதில் பேசாமல் நிற்கும் நாம் செந்தில். எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் இஷ்டம்.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். டைமிங்கை நம்மிடம் விட்டுவிட்டாலே காமெடி வந்துவிடுமா? வராது. இதற்கு இரண்டு விலங்குகள் சாட்சி.

'கோட் சிமுலேட்டர்' (2014) கேமில் நாம் ஓர் ஆடு. முட்டலாம், பறக்கலாம், எதையும் நக்கி ஒட்டிக்கொண்டு இழுத்துப் போகலாம். கேமைக் கவிழ்க்காத கோளாறுகளை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டார்கள். எனக்கு அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிப்பு. ஒரு மணி நேரத்தில் கொட்டாவி. 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' (2019) கேமில் நாம் ஒரு வாத்து. மெல்போர்னைச் சேர்ந்த ஹவுஸ் ஹவுஸ் என்ற சின்னக் குழு செய்தது. பறக்க முடியாது, வெடிக்காது. சாவியைத் திருடலாம், தோட்டக்காரரின் ரேக்கைக் குளத்தில் போடலாம், 'ஹாங்க்' என்று கத்தலாம். இதை முடித்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

என்ன வித்தியாசம்? ஆடு இருக்கும் ஊரில் ஏற்கெனவே எல்லாம் குளறுபடி. கெடுப்பதற்கு அங்கே ஒழுங்கு என்று ஒன்று இல்லை. வாத்து இருக்கும் ஊரில் தோட்டக்காரர் தன் வேலையை அவ்வளவு அக்கறையாகச் செய்கிறார். பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறார். வாத்து தூக்கிப் போனதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். அவர் சீரியஸாக இருப்பதால்தான் நம் சேட்டை காமெடியாகிறது. பின்னணியில் டெபுஸ்ஸியின் பியானோ இசையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் பதுங்கினால் இசையும் பதுங்கும், ஓடினால் துரத்தும். வாத்து எப்போது கத்தும் என்று இசையமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் இசையே காத்திருக்கிறது.

ஆகவே இரண்டு வேணும்: டைமிங் நம் கையில், நம்மைச் சகித்துக்கொண்டு சீரியஸாக இருக்க ஓர் ஆள். திட்டைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் கார்லா, பொறுமையிழக்கும் கதைசொல்லி, தோட்டக்காரர் எல்லோரும் அந்த ஆள்தான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. நம்மில் பலர் இந்த கேம்களை விளையாடுவதில்லை, யாரோ விளையாடும் வீடியோவில் பார்த்து முடித்துவிடுகிறோம். கதைக்கு அது போதும், பயத்துக்குக்கூடப் போதும். காமெடிக்குப் போதாது. துடைப்ப அறையில் வேறு யாரோ நிற்கும்போது கதைசொல்லி திட்டுவது அவரை. நீங்களே நின்று, 'இன்னும் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்போமே' என்று முடிவு செய்யும்போதுதான் அந்த ஜோக் உங்களுடையது. ஒரே ஒரு கேம் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், சண்டை கேமை வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்க. வாத்தை வாங்குங்க.