மதி காட்டும் தாய்: தமிழ்க் கவிதையில் இல்லமும் குழந்தைக் கற்பனையும்

தமிழிற் குழந்தைப் பாடல்கள் பற்றி எழுந்த திறனாய்வுகளிற் பெரும்பாலானவை ஒரு வினாவையே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. இப்பாடல் குழந்தைக்கு எதனைப் போதிக்கின்றது என்பதே அவ்வினா. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் தொடக்கப் பாடங்களாக விளங்கிய சமூகமொன்றில் இஃது இயல்பானதே. பாரதியின் பாப்பாப் பாட்டுங்கூட விளையாட்டை ஒரு கடமையாகவே விதிக்கின்றது; ஏவல் வினைகளின் நிரையில் விளையாட்டும் ஒன்றாகி விடுகின்றது. (அதே பாரதி கண்ணன் பாட்டிலே தீராத விளையாட்டுப் பிள்ளையைப் படைத்தபொழுது போதனையை முற்றாக மறந்துவிட்டார் என்பது வேறு விடயம்.) இவ்வினாவின் மேலாட்சியால் மற்றொரு வினா கவனிப்பாரற்றுப் போயிற்று. குழந்தை தன் கற்பனையால் ஓர் உலகைச் சமைக்கும்பொழுது வீட்டிலுள்ள மூத்தோர் அவ்வுலகினுள் நுழைகின்றனரா, அன்றி வாயிலில் நின்று பார்க்கின்றனரா? இவ்வினாவைக் கைக்கொண்டு நோக்கின், பலரும் நன்கறிந்த பாடல்கள் சில வேறொரு முகத்தைக் காட்டுகின்றன.

சங்கப் புலவர் குழந்தை விளையாட்டைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. பட்டினப்பாலையில், உலரும் உணவைக் கொத்தவரும் கோழியின்மீது மகளிர் எறிந்த காதணி, சிறுவர் குதிரையின்றி உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையில், தச்சரின் பிள்ளைகளே விரும்புமளவு அழகிய தேரை உருட்டித் திரிந்த சிறுவர், களைத்துச் செவிலியின் பாலருந்தி உறங்குகின்றனர். இவை செல்வர் மனைக் காட்சிகள் என்பது வெளிப்படை. எனினும், விளையாட்டின் இயல்பை வரையறுத்துக் கூறும் திறன் குறுந்தொகையின் 61ஆம் பாடலுக்கே உரியது. தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாத சிறுவர், அதனைக் கையால் இழுத்தே இன்பம் பெறுகின்றனர் என்கிறாள் தோழி. அவள் பேசுவது காதலைப் பற்றியே. குழந்தைகள் உவமையாக மட்டுமே வருகின்றனர். ஆயினும், பொருளின் பயன் வேறு, அதன் மீது மனம் ஏற்றும் பொருள் வேறு என்ற உண்மை இவ்வுவமையில் அடங்கியுள்ளது. சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையொன்றில், குழந்தையின் கையில் ஒரு கோல் குதிரையாவதைக் கொண்டு விளையாட்டின் தன்மையை விளக்கினார். கோலிலிருந்து குதிரை என்ற கருத்து பிரிந்தெழும் அக்கணமே சிந்தனை வளர்ச்சியில் முக்கிய திருப்பம் என்பது அவர் கருத்து. குறுந்தொகைத் தோழி உளவியல் பேசவில்லை. ஆனால், இழுக்கும் கையிலேயே ஊரும் இன்பம் இருப்பதை அவள் கண்டிருக்கிறாள்.

இச்சிறுவர் தனித்தே விளையாடுகின்றனர். மூத்தோர் விளையாட்டினுள் நுழையும் அரிய கணம் நற்றிணையின் 172ஆம் பாடலிற் காணக்கிடைக்கின்றது. தோழியருடன் விளையாடிய தலைவி, வெண்மணலிற் புதைத்த புன்னை விதையொன்றை மறந்து போகிறாள். அது முளைவிடுகின்றது. நெய் கலந்த பாலூற்றி அதனை வளர்க்கின்றனர். அவ்வேளை அன்னை கூறும் ஒரு சொல்லே பாடலின் அச்சாணி: இம்மரம் உங்களினும் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறையாகும் என்கிறாள் அவள். ஆண்டுகள் கழிந்து அம்மர நிழலில் தலைவன் வந்து நிற்கும்போது, தங்கையின் முன்னிலையில் அவனுடன் நகையாட நாணுவதாகச் சொல்லப்படுகின்றது. உரையாசிரியர் மரபில் இது பகற்குறி மறுத்து வரைவு கடாவும் உத்தியாகவே விளக்கப்படும். அவ்விளக்கம் பொருத்தமானதே. ஆனால், உத்தி என்று மட்டும் கொண்டால், அதற்கு அடிப்படையான வீட்டு நிகழ்வு கண்ணிற் படாது. அன்னை மரத்தை மரம் என்று திருத்தவில்லை. மரம் வளர்ப்பதன் நன்மையைப் போதிக்கவுமில்லை. பாலூற்றும் செயலில் ஏற்கெனவே மறைந்திருந்த உறவுக்கு அவள் ஒரு முறைப்பெயர் வழங்குகிறாள், அவ்வளவே. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிக்கொட், 1971இல் வெளிவந்த விளையாட்டும் யதார்த்தமும் என்ற நூலில், குழந்தை பற்றிக்கொள்ளும் பொருளைக் குறித்து, அதனை நீயே படைத்தாயா, வெளியிலிருந்து பெற்றாயா என்று மூத்தோர் கேட்காதிருப்பதே இருசாராரிடையேயும் நிலவும் எழுதா உடன்படிக்கை என்பார். புன்னையின் கீழ் நின்ற அன்னை அவ்வுடன்படிக்கையைக் காத்தவள். காத்ததோடமையாது, தானும் அதிற் கையொப்பமிட்டவள். குழந்தைப் பருவத்திற் சொல்லப்பட்ட அச்சொல் பருவமெய்திய பின்னரும் வலுவிழக்கவில்லை என்பதே பாடலின் வியப்பு.

இத்தகைய காட்சிகளை மட்டும் தொகுத்துக் கொண்டு, பண்டைத் தமிழரின் இல்லம் கற்பனை வளம் மிக்கதாயிருந்தது என மகிழ்ந்து கூறுவது எளிது. அவ்வாறு கூறவிடாது தடுப்பது புறநானூற்றின் 160ஆம் பாடல். குமணனை நாடிச் செல்லும் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையை உரைக்கின்றார். உணவு அற்றுப்போன வீட்டைப் பிள்ளை மறந்து திரிகின்றான். பாலற்ற முலையைச் சுவைத்துப் பார்க்கின்றான். சோறும் கூழும் வேண்டி வெறுங்கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் என்ன செய்வாள்? புலி வருகிறது என்கிறாள். வானத்து மதியைக் காட்டுகிறாள். தந்தையை நினைத்து நீ கோபிக்கும் முகத்தைக் காட்டு என்று கேட்கிறாள். அச்சுறுத்தல், வியப்பூட்டல், நடிப்பு ஆகிய மூன்றும் இன்றைக்கும் எவ்வீட்டிலும் குழந்தையைத் தேற்றுவோர் கைக்கொள்பவை. செல்வர் மனைத் தேருக்குத் தச்சன் வேண்டும். இவ்விளையாட்டுக்கோ ஒரு காசும் வேண்டா. ஏழையின் வீட்டில் எஞ்சியிருந்த ஒரே பண்டம் கற்பனை எனலாம். ஆனால், புலவர் அதனோடு நிறுத்தவில்லை. அவள் நொந்தாள் என்கிறார். மதி காட்டுவதால் பசி தணியாது என்பதை அவள் அறிவாள். பசித்த குழந்தைக்கு மதி காட்டுவதும், உண்ட குழந்தைக்கு மதி காட்டுவதும் ஒரே செயலல்ல. குழந்தைக் கற்பனையை வியந்து எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. பெருஞ்சித்திரனார் கருதினார், அதனாலேயே அவர் பாடல் பரிசில் வேண்டும் பாடலாயிருந்தும் தமிழில் இல்லத்து விளையாட்டைப் பற்றிய மிக உண்மையான ஆவணமாகவும் நிற்கின்றது.

9ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் பெரியாழ்வாரிடம் அதே மதி மீண்டும் தோன்றுகின்றது. யசோதையின் நிலையில் நின்று அவர் மதியை விளையாட அழைக்கின்றார். சிறுவனென்று இகழாதே எனவும் எச்சரிக்கின்றார். பக்தியே இதன் உயிர் என்பது உண்மை. எனினும், அவர் திருமொழியில் வீட்டு வாழ்வின் சுவடுகள் அழியவில்லை. குழந்தையின் தலைமயிரை வாரும் தாய், காக்கையை அழைத்துக் குழல்வார வருமாறு கேட்கிறாள். சிக்கெடுக்கும்போது முகஞ்சுளிக்கும் பிள்ளையின் கவனத்தைத் திருப்ப இதனினும் சிறந்த வழி இல்லை. அப்பூச்சி காட்டும் பதிகத்தில் விளையாட்டின் திசையே மாறிவிடுகின்றது; அச்சுறுத்துபவன் பிள்ளை, அஞ்சுவோர் மூத்தோர். ஆண்டாளின் சிற்றிற் பாடல்களும் ஈண்டு நினைக்கத்தக்கவை. நாள் முழுதும் முதுகு நோவ இருந்து இழைத்த மணல்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் முறையிடும்போது, விளையாட்டு ஓர் உழைப்பு என்பதை அவர் உள்ளிருந்தே உணர்த்துகின்றார்.

பிள்ளைத்தமிழ் தனிப் பிரபந்தமாக உருப்பெற்றதும் நிலை மாறிற்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடினார். பின்வந்தோர் தெய்வங்களையும் தலைவர்களையும் பாடினர். அம்புலிப் பருவத்தில் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் அரச தந்திரங்கள் நான்கும் கொண்டு மதியை அழைத்தல் மரபாயிற்று. புலமைக்கு இது நல்ல களம். சிலேடைக்கு இதனினும் நல்ல களம். மதி காட்டும் தாய் மட்டும் அங்கில்லை. குமரகுருபரர் போன்ற பெருங்கவிஞர் கையில் இவ்வடிவம் பேரழகு பெற்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வீட்டு முற்றத்தில் நின்று நிலாவைச் சுட்டிய விரல் பத்துப் பருவங்களின் இலக்கணத்துள் மறைந்தே போயிற்று.

அவ்விரலை ஈழத்தில் மீட்டவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவரும் மரபிற் பயின்றவரே. தெய்வங்களையும் நிறையப் பாடியவர். ஆனால், அவருடைய கத்தரி வெருளியில் தெய்வமுமில்லை, போதனையுமில்லை. கத்தரித் தோட்டத்தின் நடுவே நிற்கும் வெருளியைச் சேவகனாகக் கண்டு, கூலி வாங்காமல் இத்தனை கவனமாக வேலை செய்பவன் வேறு யார் என்று வியந்து விளிக்கிறது பாடல். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் வைக்கோலும் பழந்துணியும் கொண்டு தொழிலுக்காகச் செய்து நிறுத்திய பொருள் அது. பாடல் அதனை மாயப்பொருளாக மாற்றவில்லை; அதனோடு பேசத் தொடங்குகின்றது, பேசியவுடன் அது ஆளாகிவிடுகின்றது. அன்னை புன்னைக்குத் தங்கை என்ற முறை வழங்கியதும், புலவர் வெருளிக்குச் சேவகன் என்ற பதவி வழங்கியதும் ஒரே மனச்செயலின் இரு வெளிப்பாடுகள். கூலியின்றி உழைப்பவனைப் பற்றிய மெல்லிய நகையும் இதில் உண்டு. மூத்தோர் அதனை வேறுவிதமாகச் சுவைக்கக்கூடும்.

ஆடிப்பிறப்புப் பாடல் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. பலரும் இதனைக் கூழும் கொழுக்கட்டையும் பற்றிய பண்பாட்டுப் பதிவாகவே போற்றுவர். ஆனால், பலாவிலையைச் சற்றே நின்று கவனித்தல் வேண்டும். சிறுவர் ஓடி அதனைப் பொறுக்குகின்றனர், மடித்துக் கோலுகின்றனர். அன்னை அகப்பையால் அள்ளி அதிலேயே கூழை வார்க்கிறாள். கோலிய இலை சிறுவர் கைவேலை. அதே வேளை உண்கலம். அன்னை வீட்டுக் கோப்பையை எடுத்து வந்து கொடுத்திருந்தால் கூழின் சுவை குறைந்திராது, பாடல் இல்லாமற் போயிருக்கும். சிரட்டையில் மண்சோறு காய்ச்சியும், குரும்பட்டியிலே தேர் கட்டியும், நுங்குக் கோம்பையில் வண்டில் செய்தும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வொரு நாளில் விளையாட்டுப் பாத்திரமும் மெய்யான உணவும் ஒன்றாகி விடுகின்றன. பெருஞ்சித்திரனாரின் மனைவியால் இணைக்க முடியாதுபோன கற்பனையையும் சோற்றையும் நவாலியூர்ப் புலவர் ஓர் இலையில் இணைத்துள்ளார்.

இப்பாடல் இன்று ஈழத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமானதன்று. பாடநூலிலும் மனனப் போட்டியிலும் அது வாழ்கின்றது. அங்கு அதற்கு உச்சரிப்புக்கும் அபிநயத்துக்கும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக மாலைப்பொழுதுகளைத் தனியார் வகுப்புகளுக்கு ஒப்படைத்துவிட்ட வீடுகளில், ஓடிப் பொறுக்க வேண்டிய பலாவிலை செய்யுளின் ஒரு சொல்லாகவோ, கோடிட்ட இடத்தை நிரப்பும் விடையாகவோ எஞ்சுகின்றது. புலவர் ஒதுக்கி வைத்த போதனை பரீட்சையின் வழியாகத் திரும்பி வந்து அவர் பாடலின் மீதே அமர்ந்திருக்கின்றது. பிள்ளை இலையோடு வந்து நின்றால் அகப்பையை எடுக்க வேண்டியவர், அந்நேரம் வகுப்பு வாயிலிலே அப்பிள்ளைக்காகக் காத்து நிற்கின்றார்.