பழநூல்களும் எல்லையூர் வாசகர் கருத்தும்: நெய்யாற்றின்கரை – பாறசாலைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

நூலொன்றைப் பற்றிப் பிறர் கூறும் கருத்துக்குத் தமிழ் மரபில் நெடிய வரலாறு உண்டு. சிறப்புப்பாயிரம், சாற்றுகவி என்னும் வடிவங்கள் அச்சுக்காலத்தில் மதிப்புரையாகவும் பதிப்பு முன்னுரையாகவும் மாறின. இலக்கிய வரலாற்று நூல்கள் எழுந்தபின், ஒரு நூலுக்கு அவற்றில் கிடைத்த இடமே அந்நூல் பற்றிய கருத்தாக நிலைபெற்றது. இக்கருத்துகள் அனைத்தும் கற்றறிந்தோர் கருத்துகளாகும். ஒரு நூல் வழங்கிய நிலத்தில் வாழ்ந்தோர் அதனைப் பற்றி என்ன கருதினர் என்பது நம் ஆய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

படைப்பைப் பெறுவோரின் எதிர்பார்ப்பு எல்லைக்கேற்ப அதன் பொருள் காலந்தோறும் வேறுபடும் என்னும் கருத்தினை ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் முன்வைத்தார். காலம் எல்லையை மாற்றுவதுபோல அரசியல் எல்லைக்கோடும் வாசகரின் எதிர்பார்ப்பை மாற்ற வல்லது. இதனைக் கேரளத்தின் தென்கோடியில் உள்ள காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய பகுதிகளின் வாசிப்புச் சூழலைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இராமகதைப்பாட்டு, இரவிக்குட்டிப்பிள்ளைப் போர், தம்பிமார் கதை, மனோன்மணீயம், நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் ஆகியவை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை காலத்தாலும் வகையாலும் வேறுபட்டவை. எனினும் ஒரே நிலப்பரப்போடு தொடர்புடையவை.

நிலமும் எழுத்தும்

1955இல் வெளிவந்த மாநிலச் சீரமைப்பு ஆணைய அறிக்கை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் முதல் களியக்காவிளைக்கு அப்பால் சென்னை மாநிலம், இப்பால் கேரளம் என்றாயிற்று. 2014இல் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டங்களின் பகுதிகளைக் கொண்டு காட்டாக்கடை வட்டம் அமைக்கப்பட்டது.

எல்லைக்கோடு பேச்சினை உடனே மாற்றிவிடவில்லை. எழுத்தினையே முதலில் மாற்றியது. 1945இல் பி. என். பணிக்கர் முயற்சியால் தொடங்கிய திருவிதாங்கூர்க் கிரந்தசாலைச் சங்கம் ஊர்தோறும் நூலகம் என்னும் நிலையை உருவாக்கியது. அந்நூலகங்கள் வளர்த்த வாசிப்பு மலையாள வாசிப்பு. பள்ளியும் மலையாளம். இதன் விளைவாக, வீட்டில் தமிழ் பேசி, கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு, மலையாள எழுத்தில் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இவ்வூர்களில் உருவாயிற்று. இக்கட்டுரையாளர் அத்தலைமுறையினரிடையே வளர்ந்தவர். அவர்களுக்குப் பழம்பாடல்கள் செவிவழி அறிமுகமானவை. ஆனால் தமிழ்ப் பதிப்பாக அவற்றைக் கையில் கொடுத்தால் படிக்க இயலாது. 'வாசகர்' என்னும் சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் இங்கே போதுமானதாக இல்லை என்பது இதனால் புலனாகும்.

உரிமை கோரும் கருத்து: இராமகதைப்பாட்டு

கோவளத்தை அடுத்த ஔவாடுதுறையைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அய்யிப்பிள்ளை ஆசான் இயற்றியது இராமகதைப்பாட்டு. சந்திரவளையம் என்னும் சிறு தாளக்கருவியை இசைத்துப் பாடப்பட்டு வந்தது. தென்திருவிதாங்கூரின் பேச்சுமொழியை அடித்தளமாகக் கொண்ட இதன் நடையில் தமிழும் மலையாளமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன.

இந்நூல் பற்றிய அறிஞர் கருத்து பெரும்பாலும் மொழியுரிமை பற்றியதாகவே அமைந்துவிட்டது. உள்ளூர் எஸ். பரமேசுவர ஐயர் முதலிய மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதனைத் தம் வரலாற்றில் சேர்த்துக்கொண்டனர். மணிப்பிரவாள இலக்கணமான லீலாதிலகம் திராவிட எழுத்துகளால் இயன்று எதுகையும் மோனையும் பெற்று வருவதைப் 'பாட்டு' என வரையறுத்திருந்ததால், அம்மரபில் இத்தகு நூல்களுக்கு முன்பே ஓர் இடம் ஆயத்தமாக இருந்தது. பொதுவாகப் பயிலப்படும் தமிழ் இலக்கிய வரலாறுகளிலோ இதற்கு இடமில்லை. கம்பனை அளவுகோலாகக் கொண்ட வாசிப்பில் இது கொச்சையாகத் தோன்றியிருத்தல் கூடும்.

இரு தரப்பினரும் நூலின் மொழி எது என வினவினர். இந்நூல் எவர் முன்னிலையில் பாடப்பட்டது, அவர்கள் இராமகதையின் எப்பகுதியை நீளப் பாடக் கேட்டனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. மொழி ஆராய்ச்சிக்கு உரிமை வினா இன்றியமையாதது. ஆயின் அதுவே நூலின் மதிப்பீடாக அமையும்போது, கேட்டவர்களுக்காகப் பாடப்பட்ட ஒரு நூல் சான்றாவணமாகச் சுருங்கிவிடுகிறது.

பக்கம் மாறும் கருத்து: இரு கதைப்பாடல்கள்

மலையாளத்தில் 'தெக்கன் பாட்டுகள்' எனவும் தமிழில் 'கதைப்பாடல்கள்' எனவும் வழங்கும் தொகுதி மேற்கூறிய சிக்கலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. இருமொழிப் பெயர்களும் ஒரே பாடல்களைச் சுட்டுகின்றன என்பதை இருபுறத்து மாணவரும் பலவேளைகளில் அறிவதில்லை.

இரவிக்குட்டிப்பிள்ளைப் போர், வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப்பிள்ளை கொல்லம் ஆண்டு 810இல், அதாவது 1635இல், கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்டதைப் பாடுவது. இப்பாடலின் மொழி தமிழ்; பகைவர் படை மதுரையிலிருந்து வருகிறது; புலம்பல் வேணாட்டு வீரனுக்காக எழுகிறது. இன்றைய மாநில எல்லையை மனத்தில் கொண்டு படிக்கும் ஒருவர், தமிழ்ப் பாடல் தமிழகத்தின் பக்கம் நிற்கும் என எதிர்பார்ப்பாராயின் ஏமாற்றமடைவார். மொழிப்பற்றும் நிலப்பற்றும் ஒரே கோட்டில் அமையவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு பிற்காலத்தது. பதினேழாம் நூற்றாண்டு நிகழ்வைப் பாடிய அப்புலவனுக்கு அது இல்லை.

தம்பிமார் கதை வேறுவகையில் நோக்கத்தக்கது. மார்த்தாண்டவர்மருக்கும் (ஆட்சிக்காலம் 1729–1758), அவருக்கு முன் ஆண்ட இராமவர்மரின் மக்களாகிய தம்பிமாருக்கும் இடையே எழுந்த பிணக்கும் தம்பிமாரின் கொலையும் இதன் பொருள். பாடல் கேட்போரின் இரக்கத்தைத் தம்பிமார் பக்கம் ஈர்க்கிறது. இதே வரலாற்றுச் சூழலைக் கையாண்டு 1891இல் சி. வி. ராமன் பிள்ளை வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாளப் புதினத்தில் தம்பிமார் சூழ்ச்சியாளராகின்றனர். இளவரசர் தலைமைப் பாத்திரமாகிறார். சி.வி.யை இங்குப் பழம்பாடலின் வலிமைமிக்க ஒரு வாசகராகக் கொள்ளலாம். அவர் எழுதிய புதினமே பாடல் பற்றிய அவர் கருத்து. பாடத்திட்டத்தில் இடம்பெற்ற புதினத்தின் கருத்து, கொடையில் பாடப்பட்ட பாடலின் கருத்தை நாளடைவில் மறைத்தது.

நெய்யாற்றின்கரைக் கிருட்டிணசாமி கோயில் வளாகத்தில் உள்ள 'அம்மச்சிப் பிலா' என்னும் பலாமரப் பொந்தில் மார்த்தாண்டவர்மர் பகைவர்க்கு அஞ்சி ஒளிந்திருந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. அம்மரத்தை வணங்கித் திரும்பும் ஒருவரே தம்பிமார் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவதையும் இப்பகுதியில் காணலாம். இதனை முரண்பாடு எனக் கொள்வதைவிட, ஒரே நிகழ்வின் இரு தரப்பையும் மனத்தில் இருத்தும் பயிற்சி எனக் கொள்வதே பொருந்தும்.

வெட்டிப் படிக்கும் கருத்து: மனோன்மணீயம்

ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயமும் 1891இலேயே வெளிவந்தது. ஒரே நகரின் இரு அறிஞர்கள் ஒரே ஆண்டில் இரு மொழிகளில் வெளியிட்ட இவ்விரு நூல்களையும் இணைத்து வாசிக்கும் முயற்சிகள் அரிதாகவே உள்ளன.

மனோன்மணீயம் பற்றிய பொதுக் கருத்து இன்று அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்தோடு நின்றுவிடுகிறது. 1970இல் அவ்வணக்கம் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய பாடலாயிற்று. 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறு ஏற்கப்பட்டபோது, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து தோன்றியமை பற்றிய பகுதியும் ஆரியமொழியோடு ஒப்பிடும் பகுதியும் விடுக்கப்பட்டன. அரசவைகளில் அண்டை மொழியினர் மனம் நோகாதிருக்க இது தக்க முடிவே. எனினும் ஒரு நூலின் பகுதியைத் தேர்ந்தும் தவிர்த்தும் கொள்வதும் வாசகர் கருத்தின் ஒரு வடிவம் என்பதை மறத்தலாகாது.

எல்லையூரிலிருந்து நோக்குவோர்க்கு நாடகத்தின் வேறொரு கூறு புலப்படுகிறது. பாண்டியனுக்கும் சேரனுக்கும் இடையே போர் மூள்வதற்கு, 'நன்செய் நாடு' என நாடகம் குறிக்கும் நாஞ்சில் நாட்டின் மீதான உரிமைக் கோரிக்கை வாயிலாகிறது. அக்கோரிக்கையை எழுப்புபவன் தன்னலம் கருதும் அமைச்சனாகிய குடிலன். நிலத்தின் மீதான உரிமைப் பேச்சு நாட்டுநலத்தின் பெயரால் எவ்வாறு தன்னலத்திற்குக் கருவியாகும் என்பதை எல்லைப் போராட்டத்திற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்நாடகம் காட்டியுள்ளது. வணக்கப் பாடலை மட்டும் அறிந்தோர்க்கு இந்தக் குடிலன் அறிமுகமாவதில்லை. இதனால் 1950களின் தமிழர் கோரிக்கை குடிலனின் கோரிக்கையை ஒத்தது என்று பொருளன்று. மக்கள் எழுப்பியதும் அமைச்சன் புனைந்ததும் வேறு. அவ்வேறுபாட்டை ஆராய்வதற்கான இடத்தை நாடகம் தருகிறது என்பதே இங்குக் கூறத்தக்கது.

சிரிப்பும் கணக்கும்: மருமக்கள்வழி மான்மியம்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைக் கூறும் முறையில் அமைந்தது. மருமக்கள்வழி உரிமையால் மனைவியும் மக்களும் ஆதரவற்றுப் போவதைச் சுவைபட எடுத்துரைப்பது. திருவிதாங்கூரில் 1925இல் நாயர் சமூகத்திற்கும் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சமூகத்திற்கும் உரிய சட்டங்கள் வந்து அவ்வுரிமை முறையை மாற்றின. எனவே, பயன் நிறைவேறிய சீர்திருத்த நூல், நகைச்சுவைக்காகப் படிக்கத்தக்கது என்னும் கருத்தே வகுப்பறைகளில் நிலவுகிறது.

இக்கட்டுரையாளர் இந்நூலை வகுப்பில் படித்தபோது மாணவர் காரணவரின் செயல்களைக் கேட்டுச் சிரித்தனர். 'காரணவர்' என்ற சொல்லுக்கே அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. விடுமுறையில் ஊரில் உறவினரான மூதாட்டி ஒருவருக்கு அதே பகுதிகளைப் படித்துக் காட்டியபோது எச்சொல்லுக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. "கடைசியில அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன மக்கா கெடைச்சு?" என்று மட்டுமே கேட்டார். தமிழ் எழுத்தறியாத அவர் தமிழ் முதுகலை மாணவர்கள் கேட்காத வினாவைக் கேட்டார். மணவிலக்கு, கைம்மை, பாகப்பிரிவினை ஆகியவற்றில் மகளிர்க்கு எது கிடைக்கிறது என்னும் வினா சட்டம் மாறியதால் முடிந்துவிடவில்லை. அவ்வினாவை நோக்கப் 'பயன் நிறைவேறிய நூல்' என்னும் நம் கருத்து எவ்வளவு அவசரமானது என்பது தெளிவாகிறது.

மதிப்பீடு

எல்லையூர்க் கேட்போரின் கருத்தை முழுமையானது என உயர்த்திக் கூறுவதும் பிழையாகும். கதைப்பாடல்கள் வழிபாட்டோடு இணைந்தவை. அவற்றை வரலாறாகவே நம்பும் போக்கு கேட்போரிடம் உண்டு. பாடலில் தம் குலத்தாருக்குப் பெருமை சேர்க்கும் பகுதியைப் போற்றி, பிறரைத் தாழ்த்தும் பகுதியைக் கண்டுகொள்ளாதிருக்கும் போக்கும் உண்டு. பாடபேதம், காலம், சாதிச் சார்பு ஆகியவற்றை ஆராய்வோர் பணி எந்நாளும் தேவைப்படுவது. ஆயின் ஆய்வாளரின் கருத்துக்கும் ஒரு நிலைப்புள்ளி உண்டு என்பதை மேற்கண்ட சான்றுகள் உணர்த்துகின்றன. மொழியுரிமை, பாடத்திட்டம், அரசாணை, சட்ட வரலாறு ஆகியவை அந்நிலைப்புள்ளியை அமைத்துள்ளன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இத்தென்கோடிப் பழநூல்கள் பற்றிய கற்றோர் கருத்துகள் எல்லைக்கோட்டின் இருபுறமும் நின்று உரைக்கப்பட்டவை என்பதும், கோட்டின் மீதே வாழ்ந்தோரின் கருத்துகள் அவற்றில் இடம்பெறவில்லை என்பதும் பெறப்படும். ஒரே நூலை இரு மொழிச் செவியோடு கேட்கவும், ஒரே நிகழ்வின் இரு தரப்புக்கும் இரங்கவும் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களது பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் இல்லை, பாடல் கேட்கும் பழக்கமும் குறைந்து வருகிறது. இவ்வகை வாசகர் இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் கிடைப்பார் எனக் கருத இயலாது.

எனவே இருவகைப் பணிகள் உடனடியாக வேண்டப்படுகின்றன. முதலாவதாக, தமிழ், மலையாளத் துறைகள் இணைந்து இராமகதைப்பாட்டையும் கதைப்பாடல்களையும் இருவகை எழுத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பதிப்பாக வெளியிடல் வேண்டும். அப்பதிப்பு எம்மொழி நூல் என்னும் வழக்கைத் தீர்க்காது போகலாம். பாடலைக் கேட்டு வளர்ந்தோர் அதைப் படிக்க வழிசெய்யும். இரண்டாவதாக, பதிப்பிக்கும் முன் அப்பாடல்களை அவ்வூர் முதியோர் முன்னிலையில் படித்து, அவர்கள் எழுப்பும் வினாக்களைப் பாடபேதங்களுக்கு நிகரான மதிப்புடன் பதிவு செய்தல் வேண்டும். அய்ந்தாம் மனைவிக்கு என்ன கிடைத்தது என்று கேட்ட மூதாட்டியின் வினா எந்தப் பதிப்பின் அடிக்குறிப்பிலும் இன்னும் இடம்பெறவில்லை.