ஊசி இறங்கும் துளை

புதுத் தையல் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை விதத் தையல் போடும்?" என்பதுதான். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர் அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டுப் பிளேட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். ஊசி இறங்கும் துளை சின்ன வட்டமாக இருக்கிறதா, குறுக்கே நீண்ட வெட்டாக இருக்கிறதா? என் ரசனை முழுவதும் அந்தத் துளையில்தான் நிற்கிறது.

ஜிக்ஜாக் மெஷினில் ஊசி பக்கவாட்டில் ஆடும். ஐந்து, ஏழு மில்லிமீட்டர் ஆட வேண்டுமானால் அவ்வளவு அகலத்துக்குப் பிளேட்டில் வழி விட்டாக வேண்டும். நேர்த்தையல் போடும்போதும் அந்த வழி திறந்தே கிடக்கிறது. ரூபியா, வாயில் மாதிரி மெல்லிய துணி, ஊசி இறங்கும்போது தாங்கலில்லாமல் கூடவே உள்ளே அமுங்குகிறது, ஏறும்போது கூடவே எழும்புகிறது. தையல் ஒன்று இறுகி ஒன்று தளர்ந்து, கோடு லேசாக நெளிகிறது. ரவிக்கையில் இது தெரியாது. எட்டு முக்கோணம் ஒரே புள்ளியில் கூட வேண்டிய நட்சத்திரத்தில் தெரியும். முக்கோணத்தின் கூர்முனையை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தவுடன் அந்த வெட்டு முனையையே விழுங்கிவிடும். வட்டத் துளையில் துணிக்கு நாலு பக்கமும் தாங்கல் உண்டு. முனை சிக்காமல் நகரும், கால் இஞ்ச் தையல் கால் இஞ்சாகவே போகும்.

அந்த வட்டத் துளையோடு எங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பது கறுப்புத் தலை மெஷின். பாகூர் கொம்யூனில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்றாவது இருக்கும். கரையாம்புத்தூரில் பெரும்பாலும் அது சீரோடு வந்த மெஷின். தீபாவளி வரைக்கும் ரவிக்கை தைத்துத் தள்ளுவார்கள். தீபாவளி முடிந்ததும் தையல் வராது, மழை பிடித்துக்கொள்ளும். கோணிப்பை நிறைய வெட்டுத்துணி மட்டும் மிஞ்சும். ஐப்பசி கடைசியிலிருந்து கார்த்திகை முழுக்க அந்தக் கோணி கரைந்து போர்வையாகும். என் பெரியம்மா அடியில் பழைய வேட்டி, நடுவில் நைந்த நூல் புடவை, மேலே ஒட்டுத்துணி என்று வைத்துத் தைப்பார். ரூபியாவில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. மாம்பழ மஞ்சளை அரக்குக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு விரற்கடை கத்திரிப்பூ நிறத்தை இடையில் விடுவார். முனை சேரவில்லையென்றால் சத்தமே இல்லாமல் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். "மெஷினு ஒழுங்காத்தான் ஓடுது, நீ துணியப் புடிச்சி இழுக்காத கண்ணு" என்று என் கையைத் தட்டியது நினைவிருக்கிறது. துணியைத் தள்ளுவது பல்லின் வேலை, கை வழி மட்டும் காட்ட வேண்டும் என்பதைப் பின்னால் எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாக நான் படிக்கவில்லை.

இந்தக் கறுப்புத் தலையின் வம்சம் நீளமானது. சிங்கர் கம்பெனியின் 15ஆம் வகை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அமைப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர் அதைப் படியெடுத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். இங்கே 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷாவைக் கொண்டுவந்தது. பிறகு லூதியானா அதே உருவத்தைப் பல பெயர்களில் வார்த்தது. இயந்திரங்களைச் சந்தேகித்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரனோடு பேசும்போது சிங்கரின் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி ஊசியோடு படும் பாட்டைக் காணப் பொறுக்காத அன்பிலிருந்து பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். அதே ராமச்சந்திரன்தான் பின்னால் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கறுப்புத் தலையைத் துடைத்து எண்ணெய் விடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

கம்ப்யூட்டர் மெஷின் பக்கம் நிற்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஊசி எப்போதும் துணிக்குள்ளேயே நிற்கும்படி வைக்கலாம், வேகத்தைக் கட்டி வைக்கலாம், கண் கூசாத விளக்கு உண்டு. எல்லாம் நல்ல வசதிகள். துணியில் உருவம் வெட்டி மேலே ஒட்டித் தைப்பவருக்கு ஜிக்ஜாக் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலையையும் தொம்பையையும் பார்த்தவர்கள், அந்த ஒட்டுவேலையின் அழகு தையல் வகையில் இல்லை, கத்தரி போன வழியில்தான் இருக்கிறது என்பதை அறிவார்கள். நூறு தையலில் தொண்ணூற்றைந்தை யாரும் இரண்டாம் முறை போடுவதில்லை. அப்படிப்பட்ட மெஷின்தான் வேண்டுமென்றால், அதற்கு நேர்த்தையல் பிளேட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் குயில்ட் தைக்கிறவர்களும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். 1933இல் வந்த சிங்கர் ஃபெதர்வெயிட் வெறும் ஐந்து கிலோ எடை, நேர்த்தையல் தவிர வேறு எதுவும் போடாது. அதைப் பழைய பொருள் கடைகளில் தேடித்தேடி வாங்குகிறார்கள். குயில்டுக்கென்றே ஜூக்கி செய்யும் டிஎல்-2010க்யூவும் நேர்த்தையல் மட்டும்தான், நிமிடத்துக்கு 1,500 வரை. திருப்பூர்க் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பார் சிலர். துளை வட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 5,000 தையலுக்கு மேல் பறக்கக் கட்டிய மெஷினை, முனைக்கு முனை நின்று பார்க்கிற வேலைக்கு அடக்கி ஓட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கறுப்புத் தலைக்குச் சின்ன மோட்டார் மாட்டிக்கொண்டால் போதும். பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தால் கரண்ட் போன மழை நாளில் மறுபடி மாட்டி மிதிக்கலாம்.

பூப்பூவாக, கொடிகொடியாகக் குயில்டின் மேல் ஓட்டும் தையலுக்குத் தனி மெஷின் வேண்டும் என்ற பேச்சும் உண்டு. நம் பெண்கள் பல்லை இறக்கிவிட்டு, ஃபுட்டைக் கழற்றி, வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி, இதே கறுப்பு மெஷினில் எம்பிராய்டரி போட்டுப் பரீட்சை பாஸ் செய்தவர்கள். குயில்டுக்கு வேண்டியது அதே கைதான். மூன்று அடுக்கும் ஒன்றாக நகர வாக்கிங் ஃபுட் வேண்டும். கறுப்புத் தலை லோ ஷாங்க் என்பதால் அந்த அளவில் விற்பது அநேகமாகப் பொருந்தும். குறை ஒன்று உண்டு. ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஆறரை இஞ்ச் அளவுக்குத்தான் இடம். இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது கஷ்டம், பாகம் பாகமாகத் தைத்து இணைக்க வேண்டியிருக்கும்.

என் மனத்தாங்கல் வேறு. இப்போது வரும் புதுக் கறுப்புத் தலைகள் பலவற்றில் பிளேட்டின் துளையை யாரும் மெருகேற்றுவதில்லை. பிசிறோடு அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். நூல் அறுகிறது, வாங்கியவர் நூலைத் திட்டுகிறார், டென்ஷனைத் திருகுகிறார், ஊசியை மாற்றுகிறார். முன்பு சைக்கிளில் டப்பாவை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்த மெஷின் ரிப்பேர்க்காரர் எமரி தடவிய நூலைத் துளைக்குள் விட்டு இரண்டு பக்கமும் இழுத்துத் தேய்த்துக் கொடுப்பார். கால் மணி நேர வேலை. இப்போது பிளேட்டையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றிய பிளேட்டிலும் அதே பிசிறு. ஸ்டாண்டும் பழைய வார்ப்பிரும்பு இல்லை. மெல்லிய தகட்டில் செய்து வருகிறது, வேகமாக மிதித்தால் தலையோடு சேர்ந்து ஆடுகிறது. ஆடுகிற மெஷினில் துளை எவ்வளவு நன்றாக இருந்தும் முனை சேராது.

ஆகவே கடலூருக்கோ புதுச்சேரிக்கோ மெஷின் வாங்கப் போனால், கொஞ்சம் பஞ்சும் உங்கள் வீட்டு வெட்டுத்துணியும் கையில் இருக்கட்டும். பஞ்சைத் துளையின் விளிம்பில் சுற்றி உரசுங்கள், சிக்கினால் அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாக 16ஆம் நம்பர் ஊசியை மாட்டி, மொடமொடப்பான காடாத்துணியில் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். 11ஆம் நம்பர் போடச் சொல்லி, ரூபியாவில் இரண்டு முக்கோணத்தைக் கூர்முனையிலிருந்து நீங்களே தையுங்கள். பிறகு அந்தத் துண்டைத் திருப்பி அடித்தையலையும் பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள்.