சூட்டை எங்கே கொட்டுவது?

செப்பாங் பந்தயத் தடத்தின் நேரோட்டம் முடிந்து முதல் வளைவு நெருங்கும்போது, பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் மெத்தென்று உள்ளே போய், கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், மூன்றாவது முறையும் மிதித்தேன். அப்போதுதான் கொஞ்சம் பிடி கிடைத்தது. வளைவை விட்டு வெளியே ஓடி, சரளைக் கல் பரப்பின் விளிம்பில் கார் நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த ஐந்து விநாடி என் காலிலிருந்து இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு இந்த டொயோட்டா 86-இன் பிரேக்கில் என்னென்ன மாற்றினேன், எது பலன் தந்தது, எது தேவைப்படவில்லை என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். என்னையும் பெட்ரோலையும் சேர்த்துக் காரின் எடை ஏறக்குறைய 1,350 கிலோ. 180 கிமீ வேகத்திலிருந்து 70-க்கு இறக்க வேண்டும். கணக்குப் போட்டால், அந்த ஒரு மிதியில் பிறக்கும் சூடு சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதுவும் நாலைந்து விநாடிக்குள். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், அதில் பெரும்பங்கை முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளே வாங்கிக்கொள்கின்றன. ஒரே பிரேக்கில் டிஸ்க்கின் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் எகிறும். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிமீ, மொத்தம் 15 வளைவுகள். முதல் வளைவிலும் கடைசி வளைவிலும், நேரோட்டத்தின் முழு வேகத்தையும் பிரேக்கில் கொட்டித்தான் ஆகவேண்டும். அதிலும் அவை இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. கடைசி வளைவில் ஏறிய சூடு ஆறுவதற்கு நடுவில் ஒரே ஒரு நேரோட்டம்தான்.

கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணன், காரைத் தூக்கியதும் டிஸ்க்கையோ பேடையோ பார்க்கவில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் காற்றுத் திருகில் உள்ளே தெரியும் ஒரு குழாயை மாட்டி, கொஞ்சம் பிரேக் எண்ணெயை ஒரு போத்தலில் இறக்கிக் காட்டினார்.

“தம்பி, இந்த நிறத்தப் பாருங்க. தேத்தண்ணி மாதிரி இருக்கு. எப்ப மாத்துனீங்க?”

“ரெண்டு வருஷம் இருக்கும்ண்ணே.”

“அப்ப ஏன் பெடல் இறங்காது?”

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். டாட் 4 எண்ணெய்க்குத் தரநிர்ணயம் சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீத ஈரம் ஏறியதும் 155. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். நாம் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது, பேடு வரை எட்டுவதில்லை. தப்பு காருடையதல்ல, என்னுடையது. சாலைக்கென்று செய்த பிரேக்கை, பழைய எண்ணெயோடு பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனேன்.

ஆக முதல் மாற்றம் எண்ணெய். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊற்றினோம். புதிதில் அதன் கொதிநிலை 312 டிகிரி. அடிக்கடி மாற்ற முடியாதவர்களுக்கு காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் ஈரம் ஏறிய பிறகும் 270 டிகிரி தாங்கும் என்பதால் அந்த விலை நியாயம் என்பேன். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் திருகைத் திறந்து மூட, நாலு சக்கரத்துக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவு இதுதான், உயிரைக் காப்பதும் இதுதான். வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிட்டுத் தடத்தில் இறங்குங்கள்.

அடுத்தது பேடு. எண்ணெய் கொதித்தால் பெடல் மெத்தென்று இறங்கும். பேடு வெந்துபோனால் பெடல் கல்லாக நிற்கும், ஆனால் கார் நிற்காது. இந்த வேறுபாட்டைக் கால் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு. சாதாரணச் சாலைப் பேடின் பிசின் அதிகச் சூட்டில் வாயுவைக் கக்கி, பிடிப்பை இழக்கிறது. நான் போட்டது சாலைக்கும் தடத்துக்கும் நடுவாந்தரமான வகை. முழுப் பந்தயப் பேடு குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் காரில் அதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுப் பேடைப் பழக்கும் வேலையையும் தவிர்க்கக் கூடாது. ஆளில்லாத சாலையில், முழுவதுமாக நிறுத்தாமல், வேகத்தைப் படிப்படியாக ஏற்றி எட்டுப் பத்து முறை பிரேக் போட்டு, பிறகு ஆறும்வரை சும்மா ஓட்டவேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் பிடிப்பு சீராக வரும்.

இனி நான் ஆசையோடு செய்த வேலைக்கு வருகிறேன்: குளிர்விப்பு. காற்றோட்டமுள்ள டிஸ்க்கை வெட்டிப் பார்த்தால், இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறு சிறு தடுப்புகள் தெரியும். டிஸ்க் சுழலும்போது அவை விசிறி இறக்கைபோல் வேலை செய்கின்றன. நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே எறிகின்றன. அப்படியானால் குளிர்ந்த காற்றை எங்கே கொடுக்க வேண்டும்? நடுவில். பலர் குழாயைக் கொண்டுவந்து டிஸ்க்கின் உள்முகத்தில் நேராக ஊதவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் கொதித்தால் டிஸ்க் கோணும், விரிசலும் விடும்.

பம்பரில் பனிவிளக்கு இருக்கும் இடத்தைக் காற்று வாயாக்கினோம். அங்கே எதிர்க்காற்றின் அழுத்தம் அதிகம். அங்கிருந்து 63 மிமீ அகலமுள்ள, சிலிகான் பூசிய ஆரஞ்சு நிறக் குழாய். டிஸ்க்குக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பைக் கழற்றிவிட்டு, குழாயின் முனையை நடுவில் சேர்க்கும் ஒரு தகட்டை மாட்டினோம். வேலையில் பாதி நேரம் குழாய் போகும் வழியைக் கண்டுபிடிப்பதிலேயே கழிந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க இடமும் வலமும் திருப்பிப் பார்த்தால், டயர் குழாயை உரசியது. மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகு விரலளவு இடைவெளி கிடைத்தது.

பலனை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது, வெப்பம் காட்டும் பெயிண்ட். டிஸ்க்கின் விளிம்பில் மூன்று பொட்டு வைக்க வேண்டும். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். காலிப்பரில் வெப்பப் பட்டை ஒட்டினேன். தொட்ட வெப்பம் வரை அதன் கட்டங்கள் கறுத்துவிடும். வறண்ட இரண்டு காலைகள், அதே டயர், அதே எட்டுச் சுற்று. குழாய் இல்லாமல் ஓடிய நாளில் பச்சை வெளுத்து, ஆரஞ்சும் மஞ்சளாகியிருந்தது. பட்டை 232 வரை கறுத்திருந்தது. குழாய் போட்ட பிறகு புதுப் பொட்டு வைத்து ஓடினேன். பச்சை மட்டும் வெளுத்தது, ஆரஞ்சு வைத்த நிறத்திலேயே இருந்தது. பட்டை 204-இல் நின்றது. குனிந்து அந்த ஆரஞ்சுப் பொட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி, சுற்று நேரம் குறைந்தபோதுகூட வந்ததில்லை. 2017 வரை இதே தடத்தில் ஓடிய ஃபார்முலா 1 கார்களின் கார்பன் டிஸ்க் 1,000 டிகிரியைத் தொடும். அவற்றைக் காப்பதும் கடைசியில் காற்றுக் குழாய்தான்.

நண்பர் ஒருவரின் 86-இல் நான்கு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் கொண்ட தொகுப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பெடல் உறுதி அருமை, பேடு சீராகத் தேய்கிறது, பேடு மாற்றுவதும் சுலபம். ஆனால் நிற்கும் தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. குறையவும் குறையாது, ஏனென்றால் காரை நிறுத்துவது கடைசியில் டயரின் பிடிதான். பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் வலிமை கொண்டதுதான். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் கொள்ளளவு. பந்தய டயருக்கு மாறி, சுற்றுக்குச் சுற்று முழுமூச்சாக ஓட்டுபவருக்கு அது தேவை. மாதம் ஒரு நாள் போகும் எனக்கு, அந்தப் பணத்தில் வருடக்கணக்கில் பேடும் எண்ணெயும் வாங்கலாம். துளையிட்ட டிஸ்க்கை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். துளையைச் சுற்றித்தான் விரிசல் தொடங்குகிறது.

ஓட்டும் விதமும் மாறவேண்டும். தயங்கித் தயங்கி நீளமாகப் பிரேக் போட்டால், சூடு எண்ணெய் வரை ஊறிப்போக நேரம் கிடைக்கிறது. அழுத்தமாக, குறுகிய நேரம் மிதித்து, சட்டென்று விட்டால் டிஸ்க்குக்கு ஆறும் நேரம் கூடுகிறது. கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாதவன்போல் மெதுவாக ஓட்டி வாருங்கள். உள்ளே வந்து நின்றதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேடை அழுத்தி வைத்திருந்தால் அந்த இடத்தில் பேடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும்.

குழாயில் ஒரு தொல்லை உண்டு. தகரத் தடுப்பு போய்விட்டதால் மழையில் தண்ணீரும் பொடிக்கல்லும் நேரே டிஸ்க்குக்குப் போகின்றன. சாலையில் ஓட்டும் நாட்களில் காற்று வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிடுகிறேன். செப்பாங் வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதலில் அதைக் கழற்றி, சாவியோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.