பூட்டுக்குள் நினைவகம்

லினக்ஸ் கர்னலில் நான் மிகவும் ரசிக்கும் இடம் இது. கோப்பு முறைமை பூட்டுகளைப் பிடித்தபடி கொஞ்சம் நினைவகம் கேட்கிறது. இடமில்லை. பழைய பக்கங்களைக் காலிசெய்யப் புறப்படும் கர்னல் அதே கோப்பு முறைமைக்குள் நுழைந்து, அதே பூட்டுக்காக நிற்கிறது. பூட்டை வைத்திருப்பதோ நினைவகம் கேட்டு நிற்கும் அதே நிரல். இனி எதுவும் அசையாது.

முதலில் வந்த தீர்வு ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் கொடி: இடம் தேடு, கோப்பு முறைமைக்குள் மட்டும் போகாதே. ஒவ்வொரு கோரிக்கையிலும் அதை எழுத வேண்டும். அச்சத்தில் தேவையற்ற இடங்களிலும் எழுதினார்கள். நினைவக மீட்பு பலவீனப்பட்டது.

2017இல், லினக்ஸ் 4.12இல், மெமலாக் நோஎஃப்எஸ் சேவ், ரெஸ்டோர் என்ற செயல்கூறு ஜோடி வந்தது. ஆபத்தான பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொன்னால் போதும். இடையில் அழைக்கப்படும் எல்லாச் செயல்கூறுகளும் நோஎஃப்எஸ் தடைக்குக் கட்டுப்படும். சேவ் பழைய நிலையைத் திருப்பித் தருகிறது, ரெஸ்டோர் அதையே மீட்கிறது. அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் குழப்பமில்லை. என்ன அழகான சிந்தனை! கொடியை மதிக்காமல் உள்ளே தன் போக்கில் பக்க அட்டவணைக்கு இடம் கேட்ட விமலாக் என்ற நினைவக ஒதுக்கீட்டுச் செயல்கூறும் இந்த எல்லைக்குள் அடங்கியது.