போத்தலின் அடியில் கிடப்பது

ஐப்பசி மழை பிடித்தால் கண்டியில் அலுமாரிக்குள் மடித்து வைத்த உடுப்பும் ஈரவாடை வீசும். யன்னலைத் திறந்தால் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்துக்குள் தேங்கி நிற்கும் வாகனப் புகை உள்ளே வரும். விடுமுறையில் வீட்டில் நிற்கும் பிள்ளைகளோடு சேர்ந்து அறைக்கு வாசனைத் தெளிநீர் செய்யலாம் என்று நினைப்பது நல்ல நினைப்பு. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் என்று எல்லாம் விளையும் பக்கம் இது. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் நன்மையும் கேடும் இருக்கின்றன.

பலரும் சொல்லும் முறை சுருக்கமானது: ஸ்பிரே போத்தலில் தண்ணீர், பத்துப் பதினைந்து துளி வாசனை எண்ணெய், குலுக்கி அடி. கராம்பெண்ணெயைக் கொண்டு அப்படியே செய்து, போத்தலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் மேலே மிதக்கவில்லை. அடியில் மஞ்சள் மணிகளாகக் கிடந்தது. கராம்பெண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, கறுவா எண்ணெயும் அப்படித்தான். ஸ்பிரேயின் குழாய் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான். குலுக்க மறந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே கலப்பில்லாத எண்ணெயே வரக்கூடும். சோடாத் தூள் போட்டால் கலந்துவிடும் என்பார்கள். அது தண்ணீரில் கரையுமே தவிர எண்ணெயைக் கரைக்காது.

ஸ்பிரிட் சேர்த்தால் எண்ணெய் கரையும் என்பது உண்மை. இரசாயனம் மட்டும்தான் அளவுகோல் என்றால் இந்த முறைதான் வெல்லும். ஆனால் அந்திக்குச் சாமியறையில் விளக்கு எரியும் வீட்டில், தீப்பற்றும் ஸ்பிரிட் கலவையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அடிக்கச் சொல்ல என்னால் முடியாது. எண்ணெய்ப் போத்தலே வீட்டில் இருப்பதும் சின்ன விஷயமல்ல. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று 5 முதல் 10 மில்லிலீற்றர் கராம்பெண்ணெயைக் குடித்து, நினைவிழந்து, ஈரல் பாதிக்கப்பட்டு, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியதை 1993இல் ஒரு பிரித்தானியக் குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவுதான் அது.

மூன்றாவது வழி அடுப்படியில் இருக்கிறது. ஒரு துண்டு கறுவாவைப் பிள்ளையிடம் கொடுங்கள். நம் நாட்டுக் கறுவா காகிதம்போல் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுருண்டது. சின்ன விரலுக்கும் நொறுங்கும். தடித்த சீனப் பட்டை அப்படி உடையாது. நொறுக்கியதை ஐந்தாறு கராம்போடு பெரியவர் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, துணியில் வடிக்க வேண்டும். கராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினோல் ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குமேல் கரையும். அதனால் மணம் நீரில் இறங்குகிறது. தேசித்தோலின் லிமொனீன் அதில் நூறிலொரு பங்குகூடக் கரையாது. தேசித்தோலை அவித்தவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் இதுதான்.

குறையும் உண்டு. இந்த மணம் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். வெள்ளைத் துணியில் பட்டால் கறை விழும். பூஞ்சணத்தை இது அகற்றாது, எண்ணெய் கலந்த தெளிநீரும் அகற்றாது. அதற்கு வெயிலும் காற்றும்தான் வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் அறையில் எந்த மணநீரையும் அடிக்க வேண்டாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தும் என் தீர்ப்பு அவித்த நீருக்கே. அறையை மணக்க வைப்பதில் அது மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் நிற்கும். ஆனால் பிள்ளை உடைத்து, முகர்ந்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது இந்த ஒரு முறையில்தான். மற்றவற்றில் அது துளி எண்ணுவதோடு சரி. கால்மிதிக்கும் தடித்த திரைச்சீலைக்கும் அடியுங்கள், காற்றில் வேண்டாம். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கெடாமல் காக்க அதில் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.